குறுகிய போகத்துக்கு விதை தேர்தல்

கல்லூரியின் இவ்விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவானாயின் இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவான் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. காய்கறி விதை பற்றி யான் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகத் தோன்றுதல் கூடும். எனினும் இக்கல்லூரி வகுப்பறைகளில் இருந்து கற்றோருட் பலர் தோட்ட நிலத்தின் வருவாயால் வளர்ந்தவர்கள். எம் பெற்றோரும் பேரன்மாரும் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் விற்ற பணத்திலேதான் எமக்குக் கொப்பியும் புத்தகமும் வந்தன. ஆதலின் இப்பொருள் கல்லூரிக்கு அந்நியமானதன்று. அன்றியும், ஒரு சொல்லின் பொருளைப் பிழைபட உணர்ந்ததனால் ஒரு குடும்பத்துக்கு யான் விளைத்த இழப்பொன்று உண்டு. அதனைக் கூறி, பிறர் அவ்வாறு இழவாதிருக்க வழி சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பொருளிலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுக்கும். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இதனை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவன் மனத்தில் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. கார் காலம் என்று நூல் கூறும் ஆவணியிலே எம்மூரிற் பெருமழை இல்லையே என்பதே அது. உண்மைதான். குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு வருவது. எமக்கு மழைக்காலம் கூதிரேயன்றிக் கார் அன்று.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழியும் இத்தகையதே. தமிழ்நாட்டு உழவர்க்கு அது பொருந்தும். எமக்கோ ஆடி வறண்ட மாதம். சோழகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் செல்லும் காலம். அம்மொழியை நம்பி, கிணற்று நீரும் இன்றி ஆடியிலே விதைப்பவன் விதையை இழப்பான். மொழி பொய்யன்று, அது பிறந்த நிலம் வேறு. விதை தேர்தலில் முதலிற் கொள்ளவேண்டிய நெறி இதுவேயாகும். பிறருடைய காலக்கணக்கை இரவல் வாங்காது, தன் நிலத்தின் காலத்தைத் தானே எண்ணுதல் வேண்டும்.

உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களில் நல்ல கிணறுள்ளோர் ஆண்டு முழுவதும் பயிரிடுவர். அவர்களைப் பற்றி யான் ஈண்டுப் பேசவில்லை. கடற்கரையை அடுத்த ஊர்களிலும் தீவுப்பகுதியிலும் நிலைமை வேறு. அங்கே மழையை நம்பிப் புரட்டாசியளவில் நெல் விதைத்துத் தையிலே அறுவடை செய்வர். அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரமும் கிணற்றிலுள்ள நன்னீருமே மரக்கறிப் பயிருக்கு ஆதாரம். குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலே தங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின் அவ்வாறு நிற்கின்றது. மேலுள்ள நன்னீரை இறைக்க இறைக்க அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். எம்மூர்ப் பேச்சில் இதனைக் கிணற்றிற் சவர் ஏறுதல் என்பர். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த நாளில் மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. இயந்திரம் களைப்பதில்லை, ஆதலாற் சவரும் முந்தி வருகின்றது.

இவ்வூர்களிலே தை மாத இறுதியில் அறுவடை முடிந்து, நிலம் பண்படுத்தி விதையிட மாசி முற்பகுதியாகும். சித்திரை முடியுமுன் பல கிணறுகளிற் சவர் ஏறிவிடும். இடையிலுள்ளவை ஏறக்குறைய 80 நாள்களே. இவ்வெண்பது நாள்களுக்குள் முளைத்து, வளர்ந்து, பூத்து, காய்த்து, பறித்து, சந்தைக்குப் போய், வாங்கிய கடனையும் அடைக்கவேண்டும். இதுவே யான் கூறும் குறுகிய போகம்.

2015ஆம் ஆண்டு மாசியிலே, என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தாயார் விதைப் பொதியொன்றைக் கொண்டு என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர், கடற்கரையை அடுத்த ஊரில் நான்கு பரப்பு நிலம் உடையவர். பாடசாலைத் தோட்டத்துக்கு யான் பொறுப்பாயிருந்தமையால் என் சொல்லுக்கு மதிப்பளித்தார். கத்தரி விதை அது. பெருங்காய் காய்ப்பது எனப் பொதியின் படம் காட்டியது. முதற் பறிப்பு 70 நாள் என அச்சிடப்பட்டிருந்தது. "எந்த நாளிலிருந்து எண்ணவேண்டும், சேர்?" என அவர் கேட்டார். "விதைத்த நாளிலிருந்துதான்" என்று யான் சற்றும் தயங்காது விடை கூறினேன்.

அவ்விடை பிழை. நாற்று நட்டு வளர்க்கும் பயிர்களுக்குப் பெரும்பாலும் நாற்றை நிலத்தில் நட்ட நாளிலிருந்தே நாள் எண்ணப்படும். நாற்றுமேடையிற் கழியும் ஏறக்குறைய 30 நாள்கள் அக்கணக்கிற் சேரா. அவர் மாசியில் மேடையிலே விதைத்தார், பங்குனியில் நட்டார், எழுபது நாள் கழிய வைகாசி நடுப்பகுதியாயிற்று. சித்திரை இறுதியிலேயே அவருடைய கிணறு சவராகிவிட்டது. செடிகள் இடுப்பளவு உயர்ந்து பூத்து நின்றன. இலைவிளிம்பு கருகிற்று, பூக்கள் உதிர்ந்தன. அவர் சந்தைக்குக் கொண்டுசென்ற காய்கள் கைக்கடகம் ஒன்றையும் நிரப்பவில்லை. விதைக்கும் எருவுக்கும் எரிபொருளுக்குமாகத் தம் காப்புகளை அவர் அடகு வைத்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. மாணவர்க்குச் சொற்பொருள் கற்பித்து ஊதியம் பெறுபவன், 'நாள்' என்னும் ஒரு சொல்லின் பொருளை உசாவாது விடை கூறினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகின்றது.

அதன் பின்னர் யான் கற்றவற்றை இங்கே முறையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, விதையைப் பார்க்குமுன் காலத்தை எண்ணுக. நிலம் ஆயத்தமாகும் நாளையும் நீர் கெடும் நாளையும் குறித்து, இடைப்பட்ட நாள்களைக் கணக்கிடுக. மழை பிந்துதல், முளை பிந்துதல் முதலியவற்றுக்காக அதிற் பத்து நாள்களைக் கழித்து வைத்தல் அறிவுடைமையாகும்.

இரண்டாவது, முதற் பறிப்பு நாளை மட்டுமன்றிப் பறிப்பு நடைபெறக்கூடிய நாள்களையும் எண்ணுக. எடுத்துக்காட்டாக, 80 நாள் போகத்திலே பயற்றை இனங்கள் இரண்டை ஒப்பிடுவோம். ஒன்று குற்றினம்; 50ஆம் நாளிற் பறிப்புத் தொடங்குவது. மற்றையது நெடுங்கொடி; 65ஆம் நாளிலே தொடங்குவது. மூன்று நாளுக்கொருமுறை பறிப்பதாயின் முன்னையது பத்து முறை பயன் தரும். பின்னையது ஐந்து முறையே தரும். ஒவ்வொரு பறிப்பிலும் நெடுங்கொடி ஒன்றரை மடங்கு காய்த்தாலும், ஏழரைப் பங்கே கிடைக்கும். குற்றினத்துக்கோ பத்துப் பங்கு. நீண்ட காலம் உடையார்க்கு நெடுங்கொடியே சிறந்தது. காலம் குறுகியார்க்கு அது நட்டம். சிறந்த விதை என்று தனியே ஒன்றில்லை; காலத்துக்குப் பொருந்திய விதையே உண்டு.

மூன்றாவது, பயிர்களின் வயதை அறிந்து வகைப்படுத்துக. முளைக்கீரை மூன்று நான்கு கிழமைகளிற் பிடுங்கத்தக்கது. முள்ளங்கி 40 முதல் 45 நாள்களில் ஆயத்தமாகும். வெண்டியும் வெள்ளரியும் நேரே விதைத்து 45 முதல் 50 நாள்களிற் காய் தருவன. பாகலுக்கும் புடோலுக்கும் ஏறக்குறைய 60 நாள்கள் செல்லும். குமிழிலிருந்து வளர்க்கும் சின்ன வெங்காயம் 60 முதல் 70 நாள்களுக்குட் கிளறத்தக்கது; விதையிலிருந்து வளர்ப்பதாயின் அதற்கு மேலும் பல கிழமைகள் வேண்டும். பூசணிக்கு மூன்று மாதத்துக்கு மேலாகும். ஆதலின் எண்பது நாள் நிலத்திலே பூசணியை நம்புதல் ஆகாது. விவசாயத் திணைக்களம் விதந்துரைத்த இனங்களுள் மகா இலுப்பள்ளமவிலே தெரிவு செய்யப்பட்ட எம்.ஐ. 5 என்னும் வெண்டியும், எம் குடாநாட்டுத் திருநெல்வேலியின் பெயர் தாங்கிய திருநெல்வேலி ஊதா என்னும் கத்தரியும், திருநெல்வேலி வெள்ளை என்னும் பாகலும் வறண்ட நிலத்தார் நன்கறிந்தவை.

நான்காவது, நாற்று நடும் பயிரை விலக்கவேண்டுவதில்லை. அதன் இளமைக் காலத்தை வேறிடத்திற் கழிக்கச் செய்தல் வேண்டும். வயலில் நெல் நிற்கும்போதே வீட்டு முற்றத்திலே சிறு மேடை அமைத்து, தைப்பொங்கலையொட்டிக் கத்தரி விதையைத் தூவலாம். முப்பது நாளில் நாற்று நடத்தக்கதாகும். வயலும் அப்போது ஆயத்தமாயிருக்கும். நட்டபின் அறுபது நாளிற் காய்க்கும் இனமாயின் சித்திரைப் புத்தாண்டளவிற் பறிப்புத் தொடங்கும். சவர் ஏறுமுன் மூன்று நான்கு கிழமைகள் கையில் இருக்கும். இரண்டு குடம் நீரால் வளரும் மேடையொன்று வயலுக்கு முப்பது நாள்களைச் சேர்த்துக் கொடுக்கின்றது.

ஐந்தாவது, பொதியிலுள்ள எண் எந்நிலத்தில் எண்ணப்பட்டது என்பதை உசாவுக. நுவரெலியாக் குளிரில் நன்கு விளையும் இனம் எமது பங்குனி வெயிலைத் தாங்குமென எண்ணலாகாது. தக்காளியைக் கொள்க. பகல் வெப்பம் 35 பாகையையும் இரவு வெப்பம் 25 பாகையையும் கடக்குமாயின் அதன் பூக்கள் பெருமளவில் உதிரும். ஆதலின் வெப்பம் மிகுமுன் காய் பிடிக்கும் முந்திய இனமும், ஓரளவு வளர்ந்து கிளை நின்று ஒருசேரக் காய்க்கும் குற்றினமுமே எமக்கு ஏற்றவை. பகற்பொழுதின் நீளமும் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலானதே. வட ஐரோப்பாவின் பெரிய வெங்காய இனங்களோ 14 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பகலைக் கண்டாலன்றிக் குமிழ் கொள்ளா. அவற்றின் விதையை இங்கே இட்டால் எத்தனை நாள் காத்திருப்பினும் தாளே மிஞ்சும். நீரின் தன்மையையும் நோக்குக. போஞ்சி, கரட், வெங்காயம் என்பன உவரை மிகக் குறைவாகவே தாங்குவன. பீற்றூட் அவற்றினும் மிகுதியாகத் தாங்கும். எப்பயிராயினும் முளைப்பருவத்தில் நன்னீரே வேண்டும்.

ஆறாவது, விதைக்குமுன் முளைப்பைச் சோதிக்குக. நூறு விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியிற் பரப்பிச் சுருட்டி, உலராது நிழலில் வைத்தல் போதும். வெண்டியும் பயற்றையும் ஒரு கிழமைக்குள் விடை சொல்லும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரு கிழமை வரை செல்லும். எண்பதுக்கு மேல் முளைத்தால் நன்று. அறுபதாயின் அதற்கேற்ப விதையைக் கூட்டி இடுக. ஐம்பதிலும் குறைந்தால் விலக்குக. எண்ணிக்கையோடு ஒருமித்து முளைக்கின்றதா என்பதையும் காண்க. நீண்ட போகத்திலே ஐந்து நாள் பிந்தி முளைத்தல் பொருட்டன்று. முப்பது நாளே பறிப்புள்ள போகத்தில் அது ஆறிலொரு பங்கு வருவாயை இழத்தலாகும். வெண்டி விதையின் தோல் தடித்தது. ஓரிரவு நீரில் ஊறவைத்து இடுதல் நன்று.

இனி, விதையை நாமே எடுத்தல் பற்றிச் சில கூறவேண்டும். கலப்பின விதையின் முதல் தலைமுறை நன்கு காய்க்கும்; அதன் காயிலிருந்து எடுத்த விதையோ தாயைப் போலாது பலவாறாகப் பிரியும். ஆதலின் அதனை ஆண்டுதோறும் விலைக்கே வாங்கவேண்டும். நாட்டினங்களும் திணைக்களத்தின் பொது இனங்களும் அவ்வாறல்ல. பயற்றையும் தக்காளியும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவன. வெண்டியிலும் கத்தரியிலும் தேனீயாற் சிறிது கலப்பு நேரும். முதல்நாள் மாலையில் மொட்டைத் துணிப்பையால் மூடிவைத்தால் அதனைத் தவிர்க்கலாம். பாகல், புடோல், பூசணி என்பவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறாதலின், அயலிலே வேறினம் நின்றாற் கலப்பு மிகும்.

இவ்விடத்திலே எம்மவர் பலர் அறியாது செய்யும் பிழை ஒன்று உண்டு. முதற் காய்களைப் பறித்து விற்றுவிட்டு, போகம் முடியும்போது செடியில் எஞ்சிய கடைக்காயை முற்றவிட்டு விதை எடுப்பர். விலை மிகுந்த காலத்துக் காயை விதைக்கு விட மனம் வராமையே காரணம். இதனால் நோயுற்று ஓய்ந்த செடியின் மெலிந்த விதையே கிடைக்கின்றது. அன்றியும், பிந்திக் காய்க்கும் செடிகளிலேயே இறுதியிற் காய் மிகுதியாக இருக்குமாதலின், ஆண்டுதோறும் பிந்திய செடியின் விதையையே நாம் தேர்ந்தெடுத்தவர்களாகின்றோம். சில ஆண்டுகளில் இனமே பிந்திவிடும். குறுகிய போகத்தார்க்கு இதனினும் பெரிய கேடில்லை. பத்துச் செடிகளாவது முந்திப் பூத்து நோயின்றி நிற்பவற்றைக் கண்டு, அவற்றின் இரண்டாம் மூன்றாம் காய்களை விதைக்கென விடுதலே தக்கது.

எங்கள் ஆச்சி எழுத்தறியாதவர். ஆயினும் முந்திக் காய்த்த பயற்றங் கொடியிலே பழஞ்சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார். அக்கொடியிற் கைவைத்த பேரப்பிள்ளைக்கு ஏச்சு நிச்சயம். முற்றிய நெற்றுகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, முட்டியில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி அடுப்புப் புகைபடும் பரணில் வைப்பார். விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என விதை நூலார் கூறுவர். ஆச்சி அந்நூலைக் கண்டவரல்லர். அதன் பயனைக் கண்டவர்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது நாமும் பெயர்ந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. அரிசியும் உடுப்பும் எடுத்த அவசரத்தில் முட்டிகளை எவரும் நினைக்கவில்லை. 1996 சித்திரையிலே தென்மராட்சியிலிருந்து திரும்பினோம். கூரை விழுந்து, முட்டிகள் உடைந்து, மழையில் ஊறிய விதைகள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தன. ஆச்சி அவ்விடத்தில் நெடுநேரம் இருந்து துழாவினார். முளைக்கத்தக்க ஒன்றும் அகப்படவில்லை. வீட்டைப் பின்னர் திருத்தினோம். அவர் நாற்பது ஆண்டு தேர்ந்து தேர்ந்து எடுத்த அந்தப் பயற்றையை மீண்டும் பெற எம்மால் இயலவில்லை. அதனாலேயே, நல்ல விதை உடையவர் அதனை இரண்டு மூன்று வீடுகளிற் பகிர்ந்து வைக்கவேண்டும் என்று மாணவர்க்குக் கூறிவருகின்றேன். ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் எஞ்சியிருக்கும்.

இம்மலர் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கைகளுக்கும் செல்லும். அவர்களும் வீட்டுப் பின்புறத்திலே கத்தரியும் வெண்டியும் நடுகின்றனர் என அறிவேன். அவர்களுடைய போகமும் குறுகியதே. இங்கே உவரால் முடிவது அங்கே உறைபனியால் முடிகின்றது. ரொறன்ரோவில் உறைபனி நீங்க மே மாதம் ஆகும். ஒக்ரோபரில் அது மீண்டும் வரும். ஆதலால் அங்கும் கணக்கு ஒன்றே. உறைபனி நீங்குவதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை முன்னரே வீட்டுக்குள் நாற்று வளர்த்து, குறுகிய வயதுடைய இனத்தைத் தேர்தல் வேண்டும். ஊர் நினைவால் இங்கிருந்து பெறும் விதை யாவும் அங்கே பயன் தரும் என்றும் எண்ணற்க. நாட்டு அவரையும் சிறகவரையும் பகல் குறுகியபோதே பூப்பன. வட நாட்டின் நீண்ட கோடைப் பகலில் அவை இலையாய்த் தழைத்து, பூக்கத் தொடங்கும் வேளையிற் பனிக்கு இரையாகும்.

அந்த மாணவனின் தாயாரை மறுபடியும் கூறி முடிக்கின்றேன். 2016ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல் நாள் யானே அவர் வீட்டுக்குச் சென்று, முன்னாண்டு கூறியது என் பிழை எனச் சொல்லி, நாட்காட்டியை எடுத்து அவரோடு இருந்து எண்ணினேன். முற்றத்திலே கத்தரி நாற்றுமேடை இட்டார். மாசியில் இரண்டு பரப்பிற் கத்தரி நட்டு, ஒரு பரப்பில் வெண்டியும் ஒரு பரப்பிற் குற்றினப் பயற்றையும் விதைத்தார். பங்குனி இறுதியில் வெண்டியும் பயற்றையும், சித்திரையிற் கத்தரியுமாகச் சந்தைக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டும் கிணறு சித்திரை இறுதியிற் சவராகியது. ஆனால் அதற்குமுன் பறிக்கவேண்டியவற்றுட் பெரும்பாலானவை பறிக்கப்பட்டுவிட்டன. அடகு மீண்டதா என்று யான் கேட்கவில்லை. இரண்டாம் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அவர் கைகளிற் காப்பு இருந்தது.

விதைப் பொதியின் படத்தை எவரும் பார்ப்பர். அதன் பின்புறத்தே சிறிய எழுத்தில் உள்ள நாளைப் படியுங்கள்; அது எந்நாளிலிருந்து எண்ணப்பட்டது என்று கேளுங்கள்; பின்பு உங்கள் கிணற்றின் நாளோடு அதனை ஒப்பிடுங்கள். கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. அத்தாயார் சரியான வினாவையே கேட்டார்; விடைதான் பிழைத்தது.